எண்ணெய் போன இரும்பு: கழுவியவுடன் ஏன் துரு பிடிக்கிறது?

இரும்புச் சாமானில் ஒட்டியிருக்கும் கிரீஸை எடுப்பது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. எடுத்த பிறகு, அடுத்த வேலை தொடங்கும் வரைக்கும் அந்த இரும்பைத் துருவிடமிருந்து காப்பாற்றுவதுதான் வேலை. பினாங்கில் அது இன்னும் கஷ்டம். தீவானாலும் சரி, பெருநிலத்தில் பட்டர்வொர்த், பிறை பக்கமானாலும் சரி, காற்றில் ஈரம் குறைவதே இல்லை. கடலோரமாக இருந்தால் உப்பும் சேர்ந்துகொள்ளும். காலையில் பளிச்சென்று கழுவி வைத்த வைஸ், மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் செம்மஞ்சள் பூத்து நிற்கும். “கிரீஸோடு இருந்தபோது நன்றாகத்தானே இருந்தது” என்று தோன்றும். கிரீஸோடு இருந்ததால்தான் நன்றாக இருந்தது.

கப்சாய் மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், பழைய ஸ்பேனர் பெட்டியைப் புதுப்பிக்கிறவர்கள், தைப்பூசத்துக்கு முன்னால் இரும்புக் காவடிச் சட்டத்துக்குப் புது பெயிண்ட் அடிக்கிறவர்கள், பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரும்பு என்று இங்கே சொல்வது மைல்டு ஸ்டீல், கார்பன் ஸ்டீல் போன்ற சாதாரண எஃகை. எவர்சில்வர் விஷயம் வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

துருவுக்கு என்ன வேண்டும்?

தண்ணீரும் ஆக்சிஜனும். இரண்டும் சேர்ந்து இரும்பைத் தொட்டால் போதும். தண்ணீர் என்றால் மழையில் நனைய வேண்டும் என்பதில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே, கண்ணுக்குத் தெரியாத நீர்ப் படலம் இரும்பின் மேல் படிந்து, துரு பிடிக்கும் வேகம் கூடத் தொடங்கும். நம் ஊரில் 60 என்பதெல்லாம் நல்ல வெயில் அடிக்கும் பிற்பகலில் கொஞ்ச நேரம் பார்க்கிற எண். இரவிலும் விடியற்காலையிலும் 80, 90 என்று நிற்கும். இரும்பின் மேல் உப்புத் துகள் இருந்தால் அது ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கும், அந்த நீரில் மின்னோட்டமும் எளிதாகப் பாயும். துரு பிடிப்பதே ஒரு சின்ன மின்வேதி வேலைதான். அதனால் உப்பு அதற்குப் பெரிய ஒத்தாசை.

கழுவிய இரும்பின் மேல் வட்ட வட்டமாகத் துரு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். கேம்பிரிட்ஜில் அரிமானத்தை ஆராய்ந்த யூலிக் எவன்ஸ் இதை ஒற்றை உப்புநீர்த் துளியை வைத்தே விளக்கிக் காட்டினார். துளியின் ஓரத்தில் ஆக்சிஜன் அதிகம் கிடைக்கும், நடுவில் குறைவு. அந்த வித்தியாசத்தால் நடுப்பகுதி இரும்பைக் கரைத்துவிடும். கரைந்த இரும்பு ஓரத்தை நோக்கி வந்து ஆக்சிஜனைச் சந்திக்கும் இடத்தில் துரு வளையமாகப் படியும். ஆகவே உலராமல் விட்ட ஒவ்வொரு துளியும் தனித்தனியாக ஒரு குழியைத் தோண்டிக்கொண்டிருக்கிறது. “தானாகக் காயட்டும்” என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

தண்ணீர், ஆக்சிஜன் இரண்டையும் கிரீஸ் தடுத்து நிற்கிறது. அது வெறும் கெட்டி எண்ணெய் இல்லை. எண்ணெயை ஒரு வகை சோப்போடு, பெரும்பாலும் லித்தியம் சோப்போடு, சேர்த்துக் கெட்டியாக்கியது. சோப்பு வலைபோல எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பதால் அது வழிந்து ஓடாமல் ஒட்டிய இடத்தில் கிடக்கிறது. அதைக் கழுவி எடுத்த நொடியில், காற்றுக்கு முன்னால் எந்தத் தடுப்பும் இல்லாத புது இரும்பு வெளியே வருகிறது. எவ்வளவு சுத்தமாக எடுக்கிறோமோ, அவ்வளவு சீக்கிரம் துரு வரும்.

அதனால் முதல் பாடம் இது: கழுவ உட்காரும் முன்பே அடுத்த பூச்சு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பிரைமர் டப்பா திறந்து, கலக்கி, பிரஷ் பக்கத்தில். எண்ணெய் என்றால் எண்ணெய் பக்கத்தில். ஞாயிறு காலை கழுவிவிட்டு மாலையில் ஹார்ட்வேர் கடைக்குப் போகலாம் என்றால், அன்று பாதிக் கடை மூடியிருக்கும், இரும்பு உங்களுக்காகக் காத்திருக்காது.

கிரீஸ் எடுக்க மூன்று வழி

கரைப்பது, சோப்பால் பிரிப்பது, காரத்தால் சோப்பாகவே மாற்றுவது. கடையில் விற்கும் எந்த டிகிரீசரும் இந்த மூன்றில் ஒன்று, அல்லது இரண்டின் கலவை.

கரைப்பதற்கு மண்ணெண்ணெய், வைட் ஸ்பிரிட், தின்னர், அசிட்டோன். முதல் சுற்றுக்கு, அதாவது மணலும் பழைய கிரீஸும் குழைந்து கறுப்பாக அப்பியிருக்கும் செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும், மண்ணெண்ணெய்தான் என் தேர்வு. மலிவு, மெதுவாக ஆவியாகும், பிரஷ் போட்டுத் தேய்க்க நேரம் கொடுக்கும். காய்ந்த பிறகு லேசாக ஒரு எண்ணெய்ப் படலத்தையும் விட்டுப்போகும். செயினுக்கு அது நல்லதே. பெயிண்ட் அடிக்கப்போகிற சாமானுக்கு அதே படலம் எதிரி. டீசல் இன்னும் மோசம், அதன் பிசுபிசுப்பு சீக்கிரம் போகாது.

பெட்ரோல் வேண்டாம். பட்டறைகளில் இன்னமும் அதில் கழுவுகிறார்கள், தெரியும். பெட்ரோலின் ஆவி பூச்சியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலேயே தீப்பிடிக்கும் அளவுக்குக் கிளம்பிவிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்துபோய், பக்கத்து அறையில் இருக்கும் தண்ணீர் மோட்டாரின் பொறியைக்கூடத் தேடிப் பிடிக்கும். போதாக்குறைக்கு அதில் பென்சீன் இருக்கிறது, அது புற்றுநோய் தரும் பொருள். மண்ணெண்ணெய்க்கு அந்தத் தீ எல்லை ஏறத்தாழ 38 டிகிரிக்கு மேல். அதுவும் வெயிலில் காய்ந்த தகரக் கூரைக்குக் கீழே ரொம்பத் தூரமில்லை என்பதால், வெளிக்காற்றில், நிழலில் வைத்துச் செய்வது நல்லது.

கரைப்பானில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது கிரீஸை அழிப்பதில்லை, நீர்க்கச் செய்து பரப்புகிறது. ஒரே துணியால் ஒரே டப்பாவில் தொட்டுத் தொட்டுத் துடைத்தால், கடைசியில் சாமான் முழுக்க மெல்லிய கிரீஸ் பூசியதாகவே முடியும். ஆகவே இரண்டு துணி: ஒன்றை நனைத்துத் துடைக்க வேண்டும், ஈரம் காய்வதற்குள் இன்னொரு சுத்தமான காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கடைசிச் சுற்றுக்குப் புதுத் துணி, புதுக் கரைப்பான். மூட்டையாக விற்கும் மஜூன் துணி முதல் சுற்றுக்குப் பரவாயில்லை. கடைசிச் சுற்றுக்கு, துவைத்த பழைய பருத்திச் சட்டைதான் சரி.

அடுத்து சோப்பு. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். நடுவில் எண்ணெய் சின்னச் சின்ன உருண்டையாகப் பிரிந்து தண்ணீரோடு போய்விடும். பாத்திரம் கழுவும் சோப்பு நீர் இதை நன்றாகவே செய்யும், வெந்நீரில் இன்னும் நன்றாக. ஆனால் சிலவற்றில் உப்பு சேர்த்திருப்பார்கள், சோப்பு நீர் கெட்டியாக இருப்பதற்காக. ஆகவே அலசும்போது தாராளமாக அலச வேண்டும்.

மூன்றாவது காரம். காஸ்டிக் சோடா தாவர எண்ணெயையும் விலங்குக் கொழுப்பையும் நிஜமாகவே சோப்பாக மாற்றிவிடும். கோரேங் பீசாங் கடைச் சட்டியின் வெளிப்புறத்திலும், சமையலறைப் புகைபோக்கியிலும் படிந்து காய்ந்த எண்ணெய்க்கு அதனால்தான் அது அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. இதைப் பார்த்துவிட்டு எஞ்சின் கிரீஸுக்கும் காஸ்டிக் போடுகிறவர்கள் நிறைய. மோட்டார் எண்ணெய் பெட்ரோலியத்திலிருந்து வருவது. அது சோப்பாக மாறாது. அதற்குக் காரம் மட்டும் போதாது, சோப்புப் பொருளும் சேர்ந்த டிகிரீசர் வேண்டும். இன்னொன்று, காஸ்டிக் இரும்பை ஒன்றும் செய்யாது, ஆனால் அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கப்சாய் எஞ்சினின் மூடி அலுமினியம். கார்புரேட்டர் துத்தநாகக் கலவையாகவோ அலுமினியமாகவோ இருக்கும். இவற்றைக் காஸ்டிக் வாளியில் போட்டால் திரும்ப எடுக்கும்போது நீங்கள் போட்ட சாமான் இருக்காது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் காஸ்டிக் பக்கம் போகாதீர்கள். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

காரத்திடம் எனக்குப் பிடித்த குணம் வேறு ஒன்று. காரத் தண்ணீரில் மூழ்கியிருக்கும் வரை இரும்பு துருப்பிடிப்பதில்லை. அந்தச் சூழலில் இரும்பின் மேல் மிக மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்று உருவாகி அதைக் காக்கிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி பல்லாண்டுகள் தாங்குவதும் இதே காரணத்தால்தான், கான்கிரீட் நல்ல காரம். அப்படியானால் துரு எப்போது வருகிறது? காரத்தை அலசி, வெறும் குழாய்த் தண்ணீர் பட்டு, அது காயும் அந்தச் சில நிமிடங்களில்.

அந்தச் சில நிமிடங்கள்

முதலில், சுத்தமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ளும் சோதனை. அலசிய சாமானைச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் ஒரே படலமாக முழுவதும் பரவி அரை நிமிடம் உடையாமல் நின்றால் எண்ணெய் போய்விட்டது. தாமரை இலைத் தண்ணீர்போல முத்து முத்தாகத் திரண்டு ஒதுங்கினால், அந்த இடத்தில் இன்னும் பிசுக்கு இருக்கிறது. தொழிற்சாலைகளிலும் இதே சோதனையைத்தான் செய்கிறார்கள், காசே செலவில்லை. ஆனால் சோப்பு மிச்சமிருந்தாலும் தண்ணீர் பரவிக் காட்டும், ஏமாற்றிவிடும். நன்றாக அலசிய பிறகு பார்த்தால்தான் கணக்கு.

சோதனை முடிந்ததும் வேகம் வேண்டும். கடைசி அலசலை வெந்நீரில் செய்யுங்கள், கை பொறுக்காத சூட்டில். 60, 70 டிகிரி இருக்கலாம். தடித்த சாமான் அந்தச் சூட்டை உள்வாங்கிக்கொண்டு, வெளியே எடுத்ததும் தன் சூட்டிலேயே தன்னை உலர்த்திக்கொள்ளும். துணியால் ஒற்றுங்கள், துளைகளுக்குள் காற்று அடியுங்கள். ஏர் கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள் அதற்கு முன் தொட்டியின் அடியிலிருக்கும் வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்ற வேண்டும். நம் ஊர்க் காற்றை அழுத்தினால் அதிலிருக்கும் ஈரம் தொட்டியில் தண்ணீராகச் சேரும். அதை வெளியேற்றாமல் அடித்தால், காய வைக்கிறேன் என்று துளி துளியாகத் தண்ணீரைத்தான் தெளித்துக்கொண்டிருப்பீர்கள்.

எண்ணெய் பூசி வைக்கப்போகும் சாமான் என்றால் இன்னொரு வழியும் உண்டு. கடைசி அலசல் நீரில் கொஞ்சம் சலவைச் சோடா கலந்துகொள்ளலாம், ஒரு வாளிக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி. தண்ணீர் லேசான காரமாகி, உலரும் வரை துருவைத் தள்ளிப்போடும். பெயிண்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றால் இது வேண்டாம். காய்ந்த பிறகு மேலே நிற்கும் சோடாத் தூள் பெயிண்டைப் பிடிக்க விடாது. பெயிண்டுக்கு என் யோசனை, முடிந்தவரை தண்ணீரே வேண்டாம். மண்ணெண்ணெயில் கழுவி, தின்னரில் இரண்டு துணி முறையில் துடைத்து, உடனே பிரைமர்.

இதில் பினாங்கு போன்ற ஈரமான ஊருக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. தின்னர், அசிட்டோன், ஸ்ப்ரேயாக வரும் பிரேக் கிளீனர், இவையெல்லாம் வேகமாக ஆவியாகும்போது இரும்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அப்போது 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் பனித்துளி படியும். அதாவது இரும்பு வெறும் நான்கு டிகிரி குளிர்ந்தாலே போதும். மெல்லிய தகட்டின் மேல் பிரேக் கிளீனரை அடித்துவிட்டுப் பாருங்கள், வெண்மையாக மூடுபனிபோல ஒரு பூச்சு வந்து மறையும். அது தண்ணீர். அதன் மேலேயே பிரைமர் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். அதனால்தான் ஆவியாக விடாமல் துணியால் ஒற்றி எடுக்கச் சொன்னேன். துடைத்த பிறகு சாமான் மறுபடி அறைச் சூட்டுக்கு வரட்டும், ஹேர் டிரையரை இரண்டு நிமிடம் காட்டினாலும் சரி. ஹேர் டிரையர் என்றதும் ஒன்று: கரைப்பான் ஆவி முழுதும் போன பிறகுதான், அதுவும் வேறு இடத்தில்.

ஏர்கோன் அறையும் இதே கதைதான். ராத்திரி முழுக்க 20 டிகிரியில் இருந்த ஸ்பேனரைக் காலையில் வெளித் தாழ்வாரத்துக்குக் கொண்டு வந்தால் அது வியர்க்கும். அறைக்குள் வேலை செய்தால் அறைக்குள்ளேயே பூச்சையும் போட்டுவிட்டு வெளியே எடுங்கள்.

கையையும் மறக்கக் கூடாது. விரல் வியர்வையில் உப்பு இருக்கிறது. சுத்தமான எஃகை வெறும் கையால் பிடித்தால் மறுநாள் உங்கள் கைரேகை துருவாகப் பதிந்திருக்கும், அடையாள அட்டைக்கு எடுத்ததுபோலத் தெளிவாக. நைட்ரில் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வரிசை மாறக் கூடாது

துருவும் கிரீஸும் சேர்ந்திருந்தால் பலர் முதலில் கிரைண்டரையோ உப்புத்தாளையோ எடுப்பார்கள். தப்பு. கிரீஸோடு தேய்த்தால், தேய்ப்பில் விழும் நுண்ணிய கீறல்களுக்குள் அது போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் துணிக்கும் எட்டாது, சோப்புக்கும் எட்டாது. பெரிய எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் பின்பற்றும், அமெரிக்காவில் உருவான எஸ்எஸ்பிசி தரநிலைகளில், கரைப்பானால் சுத்தம் செய்வதற்கு எஸ்பி 1 என்று முதல் எண்ணையே கொடுத்திருக்கிறார்கள். மணல் வீச்சு, கிரைண்டர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

துருவை எடுக்க வினிகரில் ஊற வைக்கிறவர்கள், எடுத்ததும் சலவைச் சோடா கலந்த தண்ணீரில் முக்கி அமிலத்தை முறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஊற வைத்த பலன் ஒரு மணி நேரத்தில் போய்விடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டவே வேண்டாம். அதன் புகை பட்டறையில் இருக்கும் மற்ற சாமான் எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைக்கும்; திறக்காத பெட்டிக்குள் இருக்கும் அரம்கூடத் தப்பாது. பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி பரவாயில்லை, அது இரும்பின் மேல் பாஸ்பேட் படலத்தை விட்டுப்போகிறது, பெயிண்டுக்கும் பிடிமானம்.

பிறகு என்ன பூசுவது

டபிள்யூடி-40 எல்லார் வீட்டிலும் இருக்கும். அதன் பெயரே தண்ணீரை விரட்டும் பொருள், 40-ஆவது முயற்சி என்பதுதான். 1953-இல் சான் டியேகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி அதை உருவாக்கியது, அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகடு துருப்பிடிக்காமல் காக்க அது பயன்பட்டது. அலசி முடித்த சாமானின் இடுக்குகளிலிருந்து தண்ணீரை விரட்ட அது நல்ல பொருள். ஆனால் அது விட்டுப்போகும் படலம் மெல்லியது. பட்டர்வொர்த் கடல் காற்றில் மாதக்கணக்கில் அதை நம்பி விட முடியாது. வாரம் ஒருமுறை கையாளும் கருவிக்கு மெல்லிய மெஷின் எண்ணெய் போதும். பெட்டியில் வைத்து மறந்துவிடப்போகும் சாமானுக்கு லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு), மெழுகு கலந்த துருத்தடுப்புப் பூச்சு, அல்லது கழுவி எடுத்த அதே கிரீஸில் புதிது ஒரு கை. பேரிங் புதிதாக வாங்கும்போது சுற்றி வரும் தாளில் சிலது விசிஐ தாள். அதிலிருந்து மெதுவாகக் கிளம்பும் ஆவி இரும்பின் மேல் படிந்து காக்கும். கசக்கி எறியாமல் ஸ்பேனர் பெட்டியில் போட்டு மூடி வையுங்கள், மூடியிருந்தால்தான் வேலை செய்யும்.

எவர்சில்வர் கதைக்கு வருகிறேன், சுருக்கமாக. அதில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருக்கும்; அது தானே ஒரு காப்புப் படலத்தை உருவாக்கிக்கொள்ளும். ஆகவே சோப்பு, வெந்நீர், துடைப்பு, அவ்வளவுதான். இரும்பு நாரால் மட்டும் தேய்க்காதீர்கள். நாரின் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு அவை துருப்பிடிக்கும், பழி எவர்சில்வருக்கு வரும். குளோரின் பிளீச் ஊற்றி ஊற வைப்பதும் கூடாது, புள்ளி புள்ளியாக அரித்துவிடும். பிளீச்சையும் அமிலத்தையும் எந்தக் காரணத்துக்கும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம், குளோரின் வாயு வரும்.

வெல்டிங் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரேக் கிளீனர் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். பெயரில் குளோரோ என்று வரும் கரைப்பான் இருந்தால், அது காயாத இரும்பின் மேல் வெல்டிங் வைக்கும்போது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்படுத்திய வாயு அது. வெல்டிங்குக்கு முன் துடைக்க அசிட்டோன் போதும், டப்பாவையும் துணியையும் தூரமாக வைத்துவிட்டு, இரும்பு முழுதும் காய்ந்த பிறகு.

கழுவி முடித்த கறுத்த மண்ணெண்ணெயைக் கால்வாயில் கொட்ட வேண்டாம். ஒரு நாள் ஒரு பாட்டிலில் அசையாமல் வைத்தால் மண்ணும் கசடும் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை அடுத்த முறை முதல் சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விதிகளில் பழைய எஞ்சின் எண்ணெய்க்கு எஸ்டபிள்யூ 305 என்றும், எண்ணெய் படிந்த துணிக்கு எஸ்டபிள்யூ 410 என்றும் தனி எண் உண்டு, பட்டறைகள் அதன்படி தனியாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் சேர்ந்தது ஒரு பாட்டில்தான் என்றால், நீங்கள் வழக்கமாக எண்ணெய் மாற்றும் பட்டறையில் அவர்களுடைய பழைய எண்ணெய்ப் பீப்பாயோடு சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மண்ணெண்ணெய் கலந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.